சனிக்கிழமைச் சம்பளமும் மூன்று கணக்குகளும்

2023 ஜூன் 5ஆம் தேதி காலையில், திருப்பூரில் நான் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் பின்னலாடை நிறுவனத்தில் நூல் பில்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, என் கைப்பேசிக்கு அடுத்தடுத்து இரண்டு குறுஞ்செய்திகள் வந்தன. இருசக்கர வாகனக் கடனின் தவணையான 3,140 ரூபாய், கணக்கில் போதிய பணம் இல்லாததால் திரும்பிவிட்டது என்றது முதல் செய்தி. அதற்காக வங்கி 500 ரூபாய் கட்டணமும் 90 ரூபாய் ஜிஎஸ்டியும் பிடித்திருப்பதாகச் சொன்னது இரண்டாவது செய்தி. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை இரவில்தான் தவணைக்கென்றே 3,200 ரூபாயை அந்தக் கணக்குக்கு மாற்றியிருந்தேன்.

நடந்தது இதுதான். அது என் பழைய நிறுவனம் திறந்து கொடுத்த சம்பளக் கணக்கு. ஜனவரிக் கடைசியில் அந்த வேலையை விட்டேன். மூன்று மாதம் சம்பளம் வராததால் வங்கி அதைச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றிவிட்டது. அப்படி மாறிய நாளிலிருந்து மாதச் சராசரி இருப்பாக 10,000 ரூபாய் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. மே மாதத் தொடக்கத்தில் இதைப் பற்றி ஒரு குறுஞ்செய்தியும் வந்திருக்கிறது. கடன் வேண்டுமா, கார்டு வேண்டுமா என்று வரும் செய்திகளுக்கு நடுவில் அதை நான் படிக்கவே இல்லை. நான் பணம் போட்ட அன்று இரவே, மே மாதத்துக்கான இருப்புக் குறைவுக் கட்டணமாக 590 ரூபாயை எடுத்துக்கொண்டார்கள். மிச்சமிருந்த 2,610 ரூபாயில் 3,140 ரூபாய் தவணை போக வழியில்லை. கடன் கொடுத்த நிறுவனமும் தன் பங்குக்கு 590 ரூபாய் அபராதம் போட்டது. ஆக, ஒரே வாரத்தில் 1,770 ரூபாய் போனது. என் கணவருக்கு அது ஏறக்குறைய இரண்டு நாள் கூலி.

வேலை நேரம் முழுவதும் பிறருடைய பணத்துக்கு வரவு செலவு எழுதுகிறவள் நான். என் சொந்தப் பணம் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது என்பதை அதுவரை ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. இரண்டு வங்கிக் கணக்குகள் இருந்தன, இரண்டுமே நான் தேர்ந்தெடுத்தவை அல்ல. ஒன்று பழைய நிறுவனம் திறந்தது. மற்றொன்று, புதிய நிறுவனத்தில் சேர்ந்த வாரம் உணவு இடைவேளையில் வந்த வங்கி ஊழியர்கள் ஆதாரையும் கைரேகையையும் வாங்கிக்கொண்டு திறந்தது.

அன்று மாலை இரண்டு கணக்குகளின் மூன்று மாத அறிக்கைகளையும் அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். சாப்பாடு முடிந்த பிறகு, மகளின் பென்சில் பெட்டியிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து, நாங்கள் செலவழிக்காமல் வங்கி தானாக எடுத்த தொகைகளுக்கு மட்டும் அடிக்கோடு போட்டேன். குறுஞ்செய்திக் கட்டணம் 17 ரூபாய் 70 காசு. டெபிட் கார்டு ஆண்டுக் கட்டணம் 236 ரூபாய். வேறு வங்கி ஏடிஎம்மில் இலவச எண்ணிக்கைக்கு மேல் நான்கு முறை எடுத்ததற்கு, முறைக்கு 24 ரூபாய் 78 காசு வீதம் 99 ரூபாய் 12 காசு. இருப்புக் குறைவுக் கட்டணம் 590, தவணை திரும்பியதற்கு 590. கூட்டினால் 1,532 ரூபாய் 82 காசு. அதே மூன்று மாதத்தில் இரண்டு கணக்குகளிலும் சேர்த்து எங்களுக்கு வந்த வட்டி 38 ரூபாய்.

அந்த இரண்டு எண்களையும் தாளின் அடியில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தபோதுதான், வங்கியைத் தேர்ந்தெடுப்பது பற்றி நான் நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் தலைகீழ் என்று புரிந்தது. எந்த வங்கி அதிக வட்டி தருகிறது என்பதுதான் முதல் கேள்வி என்று எண்ணியிருந்தேன். எங்களைப் போன்ற வீட்டில் அன்றாடக் கணக்கில் சராசரியாக 20,000 ரூபாய் இருந்தாலே பெரிது. அதற்கு 2.5 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 500 ரூபாய்; 6 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும் 1,200 ரூபாய். வித்தியாசம் 700. ஒரே ஒரு தவணை திரும்பினால் அதைவிட அதிகம் போய்விடுகிறது. மேலும், அதிக வட்டி என்று விளம்பரம் செய்யும் சிறு நிதி வங்கிகள் பலவற்றில் அந்த வட்டி ஒரு லட்சத்துக்கு மேல் உள்ள தொகைக்கு மட்டும்தான். அதற்குக் கீழே மற்ற வங்கிகள் தருவதை ஒட்டியே தருகிறார்கள். ஆகவே அன்றாடச் செலவுக்கான கணக்கில் கட்டணத்தைத்தான் பார்க்க வேண்டும், சேமிப்புக்கு மட்டுமே வட்டியைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

சராசரி இருப்பு என்ற சொல்லை இங்கே விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் அலுவலகத்திலேயே பாதிப்பேர் அதைத் தவறாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் இரவில் கணக்கில் நிற்கும் தொகையை மாதம் முழுவதும் கூட்டி, நாள்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதுதான் மாதச் சராசரி. ஒரு லட்சம் ரூபாய் மூன்று நாள் மட்டும் கணக்கில் இருந்து, மீதி 27 நாளும் ஒன்றுமே இல்லாவிட்டாலும் சராசரி 10,000 வந்துவிடும். மாதம் முழுவதும் 6,000 ரூபாயைத் தொடாமல் வைத்திருப்பவர் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். இந்தக் கட்டணம் குறையும் தொகையின் விகிதத்தில்தான் இருக்க வேண்டும், முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், இந்தக் கட்டணத்தாலேயே கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் விதிகள் 2015 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கின்றன. கணக்கு மைனஸுக்குப் போகாது என்பது உண்மைதான். அடுத்து எப்போது பணம் வருகிறதோ அப்போது எடுத்துக்கொள்வார்கள், என் தவணைப் பணத்தை எடுத்துக்கொண்டதைப் போல.

அந்த வாரம் அரைநாள் அனுமதி வாங்கிக்கொண்டு, அனுப்பர்பாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகக்கூடிய தூரத்தில் உள்ள மூன்று கிளைகளுக்குப் போனேன். கட்டணப் பட்டியலைக் கேட்டதும் முதல் வங்கியில் பளபளப்பான ஒரு மடிப்புத் தாளைக் கொடுத்தார்கள். அதில் கட்டணத்தைத் தவிர எல்லாம் இருந்தது. இரண்டாவது வங்கியில் மேலாளர் அன்பாகப் பேசினார், ஆனால் காப்பீட்டுப் பாலிசி ஒன்றும் சேர்த்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். மூன்றாவது ஓர் அரசு வங்கி. மாதத் தொடக்கம் என்பதால் முதியோர் உதவித்தொகை வாங்க வந்தவர்கள் வாசல்வரை நின்றார்கள். முக்கால் மணி நேரம் காத்திருந்து உள்ளே போனேன். கவுன்டரில் இருந்த அம்மா என் தாளில் சிவப்புக் கோடுகளைப் பார்த்துவிட்டு, "வட்டியப் பாத்துட்டு இங்க வராதீங்கம்மா, அது கம்மிதான். கணக்குல பத்து ரூபா இருந்தாலும் அதுக்காக ஒண்ணும் புடிக்க மாட்டோம். அதப் பாத்து வாங்க" என்றார். தம் வங்கியின் குறையை முதலில் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காகவே அங்கே கணக்குத் திறந்தேன்.

குறைந்தபட்ச இருப்புக்கான கட்டணத்தை ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சிலேயே எல்லாச் சேமிப்புக் கணக்குகளுக்கும் நீக்கிவிட்டது. கனரா வங்கி, இந்தியன் வங்கி, பாங்க் ஆஃப் பரோடா, பஞ்சாப் நேஷனல் வங்கி ஆகியவை 2025ஆம் ஆண்டின் நடுவில் அதே வழிக்கு வந்தன. ஆகவே இப்போது தேடுபவர்களுக்கு என்னைவிட வசதி அதிகம். இருந்தாலும் உங்கள் கணக்கு எந்த வகையைச் சேர்ந்தது என்பதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். சில வங்கிகளில் சாதாரணக் கணக்குக்குக் கட்டணம் இல்லை, சிறப்புப் பெயர் சூட்டிய கணக்குகளுக்கு உண்டு.

இனி, எங்கள் வீட்டின் வரவு வரும் முறையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். என் சம்பளம் 24,000 ரூபாய், மாதம் 7ஆம் தேதி வங்கியில் விழும். என் கணவர் கட்டிங் மாஸ்டர். திருப்பூரின் வழக்கப்படி அவருக்கு வாரச் சம்பளம். சனிக்கிழமை மாலையில் ஏறக்குறைய 5,500 ரூபாய் கையில் ரொக்கமாக வரும். மாதத்துக்கு ஒருமுறை வரும் பணத்தையும் வாரத்துக்கு ஒருமுறை வரும் பணத்தையும் ஒரே குடத்தில் ஊற்றியதுதான் நாங்கள் செய்த பெரிய தவறு. மூன்றாம் வாரத்தில் கையில் பணம் இருப்பது போலத் தெரியும். பத்தாம் தேதிக்கான வாடகையை வைத்துத்தான் அப்படித் தெரிந்தது என்பது பத்தாம் தேதியன்றுதான் தெரியவரும்.

இப்போது மூன்று கணக்குகள் வைத்திருக்கிறோம். முதலாவது அந்த அரசு வங்கிக் கணக்கு. என் சம்பளத்தை நேராக அதிலேயே போடும்படி நிறுவனத்தில் எழுதிக் கொடுத்தேன். சம்பளக் கணக்கு என்ற சலுகை வேலையோடு வந்து வேலையோடு போய்விடும், திருப்பூரில் ஒரே நிறுவனத்தில் பத்து ஆண்டு இருப்பவர்கள் குறைவு. வாடகை, வாகனத் தவணை, மின்கட்டணம், மே மாதக் கடைசியில் பிடிக்கப்படும் பிரதமர் காப்பீட்டுத் திட்டங்களின் 20 ரூபாயும் 436 ரூபாயும் எல்லாம் இதிலிருந்துதான் போகின்றன. இந்தக் கணக்கைக் கைப்பேசியின் பணம் செலுத்தும் செயலி எதிலும் இணைக்கவில்லை. கணவரின் வாரச் சம்பளத்தில் 2,500 ரூபாயைக் காய்கறிக்கும் பாலுக்கும் இறைச்சிக்குமாக ரொக்கமாக வைத்துக்கொண்டு, 3,000 ரூபாயைக் கிளை வாசலில் உள்ள பணம் செலுத்தும் எந்திரத்தில் சனிக்கிழமை இரவே போட்டுவிடுகிறார். ரொக்கமாகக் கூலி வாங்குகிற வீட்டுக்கு அந்த எந்திரம் எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது என்பது மிகவும் முக்கியம். ஞாயிற்றுக்கிழமைவரை கையில் இருந்த பணம் வங்கிக்குப் போன நாள் எங்கள் வீட்டில் இல்லை. மாதத்தில் சில முறைக்கு மேல் ரொக்கம் கட்டினால் கட்டணம் கேட்கும் வங்கிகளும் உண்டு, அதையும் விசாரித்துவிடுங்கள்.

இரண்டாவது, செலவுக்கென்றே உள்ள கணக்கு. இது இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கியில், என் மாமியார் போகும் அதே தபால் நிலையத்தில் திறந்தது. குறைந்தபட்ச இருப்பு கிடையாது, வட்டியும் மிகக் குறைவு. பேமென்ட்ஸ் வங்கியில் இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல் வைக்க முடியாது, அது கடனும் தராது. வாரச் செலவுப் பணத்துக்கு இவை எதுவும் தடையில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் முதல் கணக்கிலிருந்து 1,500 ரூபாய் இதற்கு வரும். கூகுள் பே இதில் மட்டும்தான் இணைந்திருக்கிறது. ரேஷன், மளிகை, மருந்து, பெட்ரோல் என்று கைப்பேசியில் கொடுப்பதெல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். புதன்கிழமையே தீர்ந்துவிட்டால் அந்த வாரம் என்ன நடந்தது என்று இருவரும் உட்கார்ந்து பேசுகிறோம். முதல் இரண்டு மாதம் ஏறக்குறைய எல்லா வாரமும் பேசினோம். ஏமாற்றுக்காரர்கள் கையில் என் கைப்பேசி சிக்கினாலும் அதிகபட்சம் போவது அந்த வாரத்துப் பணம்தான் என்பது இன்னொரு பாதுகாப்பு. அப்படி ஏதாவது நடந்தால் இணையக் குற்றப் புகார்களுக்கான 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும், வங்கிக்கும் மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும். இந்த இரண்டையும் சமையலறை நாள்காட்டியில் எழுதி வைத்திருக்கிறேன்.

இதில் ஒரு சிறு தொல்லை இருந்தது. பன்னிரண்டு ரூபாய் டீ, இருபது ரூபாய் கீரை என்று எல்லாவற்றையும் ஸ்கேன் செய்ததில் அறிக்கை பக்கம் பக்கமாக நீண்டு, கண் எரிந்ததே தவிர எதுவும் விளங்கவில்லை. யுபிஐ லைட் வசதிக்கு மாறிய பிறகு அது தீர்ந்தது. சனிக்கிழமை 500 ரூபாயை அதில் ஏற்றிவிடுகிறேன். வங்கி அறிக்கையில் அந்த ஒரு வரி மட்டும் வரும், சில்லறைச் செலவுகள் செயலிக்குள் தனியாக இருக்கும். பின் எண் கேட்காமல் பணம் போகும் வசதி அது என்பதால் 500 ரூபாய்க்கு மேல் அதில் வைப்பதில்லை.

மூன்றாவது சேமிப்பு. தபால் நிலையத்தின் சேமிப்புக் கணக்கும், அதோடு ஐந்தாண்டு ஆர்டியும், அதாவது மாதாமாதம் ஒரே தொகையைப் போட்டுவரும் தொடர் வைப்பும். மாதம் 8ஆம் தேதி, சம்பளம் விழுந்த மறுநாள், 2,000 ரூபாய் இதற்குப் போகிறது. நாங்கள் தொடங்கியபோது அந்த ஆர்டிக்கு ஆண்டு வட்டி 6.7 சதவீதம். மூன்று ஆண்டு ஆவதற்கு முன்னால் முடித்துப் பணத்தை எடுக்க முடியாது, அதற்குப் பின் இடையில் எடுத்தாலும் சேமிப்புக் கணக்கின் வட்டிதான் கிடைக்கும். அந்தக் கண்டிப்பை நான் குறையாகக் கருதவில்லை, எங்களுக்கு அதுதான் தேவைப்பட்டது. ஜூன் மாதப் பள்ளிக் கட்டணத்துக்காக அரசு வங்கியிலேயே ஓராண்டு ஆர்டி ஒன்று 3,000 ரூபாய்க்குத் தனியே போகிறது. அவசரத்துக்கென்று 60,000 ரூபாய் சேர்ந்தபோது, அதை ஒரே வைப்பாகப் போடாமல் 20,000 வீதம் மூன்று வைப்புகளாகப் போட்டேன். போன ஆண்டு மாமியாருக்குக் கண் அறுவைச் சிகிச்சை நடந்தபோது ஒன்றை மட்டும் முடித்தோம். முன்கூட்டி எடுத்ததற்கான வட்டிக் குறைப்பு அந்த ஒன்றோடு நின்றது, மற்ற இரண்டும் அப்படியே ஓடுகின்றன.

சேமிப்பைப் பெருக்கியது உண்மையில் எந்த வங்கியும் இல்லை, ஐந்தாம் சனிக்கிழமைதான். மாதத்துக்கு நான்கு வாரச் சம்பளம் என்று கணக்கிட்டு எங்கள் செலவுத் திட்டம் முழுவதையும் 46,000 ரூபாய்க்குள் அமைத்தோம். ஆனால் ஆண்டில் குறைந்தது நான்கு மாதங்களில் ஐந்து சனிக்கிழமைகள் வரும். அந்த ஐந்தாவது சனிக்கிழமையின் 5,500 ரூபாய் எந்தச் செலவுக்கும் பேசப்படாத பணம். முன்பெல்லாம் அது எங்கே போனது என்றே தெரியாது. இப்போது ஆண்டுத் தொடக்கத்திலேயே நாள்காட்டியில் அந்தச் சனிக்கிழமைகளை வட்டமிட்டு வைக்கிறோம், அந்த வாரம் ரொக்கமாகவும் எதையும் எடுத்துவைக்காமல் முழுத் தொகையும் சேமிப்புக்குப் போகிறது. வாரக்கூலி வாங்கும் எல்லா வீட்டுக்கும் இதைச் சொல்ல ஆசைப்படுகிறேன். நாங்கள் கடைப்பிடித்ததில் மிகவும் பலன் தந்தது இதுதான்.

பணம் பத்திரமாக இருக்குமா என்று என் கணவர் அடிக்கடி கேட்பார். நியாயமான கேள்விதான். கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கிக்கு 2020 நவம்பர் 17ஆம் தேதி தடை விதிக்கப்பட்டு, ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று அறிவிக்கப்பட்டது. அந்த மாதம் 27ஆம் தேதியே அது டிபிஎஸ் வங்கி இந்தியாவோடு இணைக்கப்பட்டதால் பணம் போட்டவர்கள் தப்பினார்கள். வணிக வங்கி, சிறு நிதி வங்கி, பேமென்ட்ஸ் வங்கி, கூட்டுறவு வங்கி எல்லாவற்றிலும் ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய்வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரிக்கு முன்பு இது ஒரு லட்சமாக இருந்தது. இந்தக் காப்பீடு நிதி கம்பெனிகளுக்கும் சீட்டுக்கும் கிடையாது. ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் கூடுதல் வட்டிக்காக நிதி கம்பெனியில் போட்டுவிட்டு அலையும் தோழிகளை அலுவலகத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அதே அளவு முக்கியமானது நாமினி. என் மாமனார் காலமானபோது அவருடைய கணக்கில் 31,000 ரூபாய் இருந்தது, நாமினியாக யார் பெயரும் இல்லை. வாரிசுச் சான்றுக்குத் தாலுகா அலுவலகம், வங்கி கேட்ட உறுதிமொழிப் பத்திரம், மற்ற பிள்ளைகளின் கையெழுத்து என்று ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் கணவரை இழந்த ஒரு பெண் பேருந்து ஏறி இறங்கினார். புதுக் கணக்கு திறந்தபோது நான் முதலில் நிரப்பியது அந்தப் பகுதியைத்தான். பாஸ்புக்கில் நாமினி பதிவானதா என்று அச்சடித்துக் காட்டச் சொல்லியும் பார்த்தேன். 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர்வரை நாமினியாக நியமிக்கலாம்.

பழைய வங்கியிடம் எழுத்தில் முறையிட்டேன். இருப்புக் குறைவுக் கட்டணமான 590 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்கள், தவணை திரும்பியதற்கான 590 ரூபாயைத் தரவில்லை. முறையிட்டு 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் புகார் செய்யலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். என் விஷயத்தில் விதிப்படி அவர்கள் செய்தது சரி என்பதால் நான் அதுவரை போகவில்லை.

கணக்கை மாற்றுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பழையதை அவசரப்பட்டு மூடாதீர்கள். கடன் நிறுவனத்தில் புதிய கணக்குக்கான தானியங்கிப் பிடித்தப் படிவத்தை ஜூன் 20 வாக்கில் கொடுத்தேன். அப்போதே தவணைத் தேதியையும் 5இலிருந்து, என் சம்பளத்துக்குப் பின் வரும் 10ஆம் தேதிக்கு மாற்றச் சொன்னேன். ஜூலைத் தவணை பழைய கணக்குக்குத்தான் போனது. ஆகஸ்டில்தான் புதியதிலிருந்து பிடித்தார்கள். அந்த இடைவெளிக்காகப் பழைய கணக்கில் தவணைக்கும் அபராதத்துக்கும் சேர்த்து 4,000 ரூபாய் போட்டு வைத்திருந்தேன். சமையல் எரிவாயு மானியம் எந்தக் கணக்கில் விழுகிறது, ஆதார் எதில் இணைந்திருக்கிறது என்பதையும் பார்த்து மாற்றினேன். செப்டம்பரில் ஒரு மாதம் முழுவதும் பழைய கணக்கில் எந்த வரவும் பற்றும் இல்லை என்று தெரிந்த பிறகு, மிச்சமிருந்த காசோலைகளையும் இரண்டாக வெட்டிய கார்டையும் கொண்டுபோய்க் கொடுத்து மூடினேன். ஓராண்டுக்கு மேற்பட்ட கணக்கு என்பதால் மூடுவதற்குக் கட்டணம் கேட்கவில்லை. கணக்கு மூடப்பட்டதாக எழுத்தில் வேண்டும் என்று கேட்டதற்கு ஒருமுறை திரும்பி வரச் சொன்னார்கள். மறுநாள் போய் வாங்கி வந்து, வாகனக் கடன் தாள்களோடு சேர்த்து அதே கோப்பில், அந்தச் சிவப்புக் கோடு போட்ட அறிக்கையின் மேலேயே வைத்திருக்கிறேன்.